கூரைத் தண்ணீர்

— மூடு, மூடு! உடனே மூடிடு டெய்லர், குடலே வெளிய வந்துரும் போலிருக்கு!

— மூடினா யாரு கழுவுறது லீடர்? மத்தியானம் இதைத்தானே மேடையில விரிச்சுக் காட்டப்போற? இப்பவே மூக்கைப் பொத்திக்கிட்டு கதவுகிட்டப் போய் நின்னா எப்படி?

— இது நம்ம கூடாரம்தானா? நீ தைச்சு முடிச்சப்போ புதுத் துணி வாசனை வந்துச்சே. இப்ப செத்த எலி, அழுகின மீன், இன்னும் என்னென்னமோ... சீச்சீ! அந்த மூலையில மஞ்சளா என்ன அது?

— என்னன்னு நினைக்கிற? பெயின்ட்டா? வாந்தி. அதுக்குக் கீழ இருக்கிறது அதைவிட மோசம். அதைக் கேக்காத.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ஃபேனைப் போடு.

— ஃபேனைப் போட்டா இந்த நாத்தம் ஒர்க்‌ஷாப் பூரா ஊர்வலம் போகும். கையுறையை மாட்டிக்கிட்டு வா. வெல்டிங் மேசைக்குக் கீழ, அந்தப் பெட்டியில இருக்கு பாரு.

— எரியுது எனக்கு. ஒரு வருஷ உழைப்பு! சோதனை பண்ணிப் பாருங்கன்னுதான் குடுத்தோம், சாக்கடையாக்கித் தாங்கன்னா குடுத்தோம்? இந்த மாதிரி ஆளுங்களுக்கு எதைக் குடுத்தாலும் கடைசியில இப்படித்தான்.

— உன் ஸ்லைடுல அவருக்கு ‘பயனாளி’ன்னு பேரு வச்சிருக்க. கீழ ஒரு பூப்படம் வேற. இப்ப ‘இந்த மாதிரி ஆளுங்க’ ஆயிட்டாரா?

— ஸ்லைடு வேற, நாத்தம் வேற. தண்ணி போட்டுட்டு வந்து விழுந்திருப்பான். வேற என்ன?

— குடிக்கிற பழக்கம் இல்லைன்னு முதல் நாளே சொன்னாரு.

— எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.

— சரி, நான் மட்டும் ரொம்ப ஒழுங்குன்னு சொல்லிக்கல. காலையில கூடாரத்தைத் திரும்ப வாங்கப் போனேன். ஜிப்பைத் திறந்தா பெரியவர் உள்ள சுருண்டு கிடக்கிறாரு, அதுல புரண்டுக்கிட்டு. ஐயோ பாவம்னு தோணியிருக்கணும்ல? எனக்கு ‘தூ’ன்னுதான் வந்துச்சு. நாலடி தள்ளிப்போய், கைக்குட்டையை மூக்குல வச்சுக்கிட்டு, அப்படியே ஓடிடலாமான்னு பாத்தேன்.

— அப்புறம் எப்படி அந்த ஆளை எழுப்பின?

— எழுந்திருக்க அவருக்குத் தெம்பு இருந்தாத்தானே? நானும் வேன்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி, நேரா அரசு ஆஸ்பத்திரியில சேர்த்துட்டுத்தான் இங்க வரேன்.

— ஆஸ்பத்திரியா? சொல்லவே இல்லையே நீ!

— நான் உள்ள வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, ‘கம்பி எதுவும் வளையலையே?’ ரெண்டாவது கேள்வி, ‘துணி கிழிஞ்சிருக்கா?’ மூணாவதா ஆளைப் பத்திக் கேப்பன்னு பாத்தேன். அதுக்குள்ள பையைப் பிரிச்சுட்ட.

— சரி, சரி, விடு. என்ன சொன்னாங்க?

— என்ன சொல்வாங்க? பக்கத்துல வந்து மோந்து பாத்தாங்க, மூஞ்சியைச் சுளிச்சாங்க. ‘குடி கேஸு’ன்னு ஒரு பாட்டில் ஏத்திவிட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

— அதைத்தான் நானும் சொன்னேன். டாக்டரே சொல்லிட்டாரு பாரு.

— நீயும் டாக்டரும் ஒரே படிப்புப் படிச்சவங்க மாதிரிதான் பேசுறீங்க. அந்தக் குழாயை இழுத்துட்டு வா. முதல்ல தரைத்துணி, அப்புறம் பக்கத்துணி, கடைசியா கூரை.

— என் கூரையைக் கொஞ்சம் பாத்துக் கழுவு. ஜட்ஜுங்க அதுக்காகத்தான் நம்மளைக் கடைசிச் சுத்துக்கே எடுத்தாங்க. மத்த டீம் எல்லாம் கூரையைக் கூம்பா வச்சு மழைத்தண்ணியைக் கீழ விட்டுட்டாங்க. நான் நடுவுல குழிச்சேன். மேல விழுற தண்ணி ஒரு சொட்டு வீணாகாம வடிகட்டிக்கு வரும், அங்கேருந்து பைக்கு, பையிலேருந்து ட்யூப் வழியா நேரா தலைமாட்டுக்கு. படுத்த வாக்குலயே குடிக்கலாம். வீடில்லாதவனுக்கும் வீட்டுக்குள்ளயே தண்ணி! அந்த இடத்துல கைதட்டல் வரும் பாரு.

— வரும், வரும். இப்ப அந்தப் பைய அவுத்துக் குடு.

— இந்தா... ஐய, என்ன இவ்வளவு கனமா இருக்கு?

— கனமாவா?

— முக்கால்வாசி நிறைஞ்சிருக்கு. பாத்தியா, நான் சொன்னேன்ல? நீ வாரம் தவறாம ‘பை நிறையுது, பை நிறையுது’ன்னு மெசேஜ் போட்டப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. புது ஸ்லைடே ஒண்ணு சேத்துட்டேன். ‘மழையே இல்லாத நாளிலும் பனி நீரைச் சேகரிக்கும் கூரை.’

— பனியா?

— பின்ன? இந்த ரெண்டு மாசமா ஒரு தூறல்கூட இல்ல. அப்புறம் தண்ணி எங்கேருந்து வரும்? விடியக்காலையில பனி இறங்கும், துணியில படியும், குழியில சேரும். புரொஃபசர்கூட ஆச்சரியப்பட்டாரு.

— லீடர், இந்த வெயில்ல, நீ ஒரு தடவைகூட வந்து பாக்காத அந்த நாலு பக்கமும் கட்டடம் நெருக்குற சந்துல, ஒரு பை நிறைய பனி இறங்குமா?

— சயின்ஸ்மா. உனக்குத் தையல்தான் தெரியும்.

— சரிதான் போ. அப்ப இந்தப் பனியில செதில் எப்படி வந்துச்சு?

— என்ன செதில்?

— கிட்ட வந்து பாரு. மூக்கைப் பொத்தாம வா. வடிகட்டித் துணியில ஒட்டியிருக்கு பாரு, மினுமினுன்னு. மீன் செதில். இந்தப் பக்கம் வெங்காயத் தோல். இது என்ன, முடியா?

— சீ... ஒரு நிமிஷம். இலை, தூசி எல்லாம் நிக்கத்தான் அந்தத் துணி. அது பாட்டுக்கு அதோட வேலையைச் செஞ்சிருக்கு.

— துணி நிறுத்தினது இது. நிறுத்தாம விட்டது பைக்குள்ள இருக்கு. மூடியைத் தொறக்கவா?

— வேணாம். வேணாம்னு சொல்றேன்ல! ...அம்மாடி, என்ன இது! கண்ணே எரியுது!

— பாத்திரம் கழுவின எச்சித்தண்ணி. மீன் கழுவினது. எண்ணெய் மிதக்குது பாரு. அதோட இன்னொண்ணு இருக்கு. மோந்து பாரு.

— பாத்ரூம் வாடை.

— பாத்ரூம் கழுவுற மருந்து. பினாயிலோ ஆசிட்டோ தெரியல. பனி இல்ல லீடர். மேலேருந்து ஊத்தியிருக்காங்க.

— யாரு?

— பின்னாடி அடுக்குமாடி வீடுங்க. எல்லா பால்கனியும் அந்தச் சந்தைப் பாத்துதான் இருக்கு. பெரியவரைத் துரத்த எச்சித்தண்ணியைத் தலையில ஊத்தியிருக்காங்க. உன் கூரை ஒரு சொட்டு வீணாகாம பிடிச்சு, வடிகட்டி, அவரு வாயில கொண்டுபோய் விட்டிருக்கு.

— நிறுத்து. கேக்கவே முடியல.

— உனக்குக் கேக்கவே முடியல. அவரு குடிச்சாரு.

— நாறுற தண்ணியை யாராவது குடிப்பாங்களா? வேற எங்கயாவது போய்க் குடிச்சிருக்கலாம்ல?

— நாமதான் வேற எதையும் குடிக்கக் கூடாதுன்னு சொன்னோமே! மறந்துட்டியா? ‘வெளித்தண்ணி குடிச்சா கணக்குத் தப்பிடும், சோதனை செல்லாது, ட்யூப் தண்ணி மட்டும்தான்’னு நீ சொன்ன. நான் அதை அவருகிட்டப் போய்ப் பாடம் ஒப்பிச்சேன். ‘சரிம்மா, உங்க படிப்புக்குத்தானே’ன்னாரு.

— அவரு நாத்தத்தைச் சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னாரு.

— எப்போ?

— போன தடவை போனப்ப. ‘தண்ணி ஒரு மாதிரி இருக்கும்மா, தொண்டை எரியுது’ன்னாரு. நான் கூடாரத்துக்கு வெளியவே நின்னுக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, ‘புது ட்யூப் வாசனைங்க, போகப்போகச் சரியாயிடும்’னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா? குடிக்கக்கூட வேணாம், குனிஞ்சு மோந்து பாத்திருந்தாலே போதும். அவரு மேல அடிச்ச நாத்தம் அவரோடதுன்னு நினைச்சுட்டேன். அது அந்த வீடுங்களோட நாத்தம் லீடர். என்னை நினைச்சா எனக்கே குமட்டுது.

— போனை எதுக்கு எடுக்குற?

— குடின்னு நினைச்சு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்காங்கடா அங்க! ...ஹலோ, நர்ஸ் அக்கா? காலையில ஒரு பெரியவரைச் சேர்த்தேனே, கூடாரத்துல இருந்தவரு... ஆமா, அந்தக் குடி கேஸு. அது குடி இல்லக்கா. பாத்ரூம் மருந்து கலந்த தண்ணியைக் குடிச்சிருக்காரு. நாள் கணக்கா. ...எந்த மருந்துன்னு தெரியலக்கா. ...நிறம் கலங்கிப்போச்சு, ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. ...சரி. சரிக்கா, விசாரிச்சு உடனே சொல்றேன். போனைக் கையிலயே வச்சுக்கோங்க, ப்ளீஸ்.

— என்னவாம்?

— ரத்தமா வாந்தி எடுக்கிறாராம். எந்த மருந்துன்னு சரியாத் தெரியணுமாம். பினாயிலுக்கு ஒரு மாதிரி, ஆசிட்டுக்கு வேற மாதிரியாம். தப்பா எதையாவது குடுத்தா இருக்கிற உயிரும் போயிடுமாம். நான் கிளம்புறேன்.

— எங்க?

— அந்தச் சந்துக்கு. வீடு வீடா மணியடிச்சு, ‘என்னத்தை ஊத்தினீங்க, பாட்டிலைக் காட்டுங்க’ன்னு கேக்கப்போறேன்.

— காட்டுவாங்களா? எவன் ஒத்துப்பான்? ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். உக்காரு. இப்பத்தான் எனக்கு எல்லாம் ஒண்ணாச் சேருது.

— என்ன சேருது?

— நம்ம கூடாரம் தோக்கல டெய்லர். தெரு தோத்துச்சு! மேடையில இதைக் கழுவாம அப்படியே வைப்போம். மைக்கைப் பிடிச்சு, ‘இந்த நாத்தம் வீடில்லாத மனுஷனோடது இல்ல, வீடு இருக்கிறவங்களோடது’ன்னு ஆரம்பிப்பேன். அரங்கமே உறைஞ்சுபோயிடும்.

— பெரியவரு ரத்தமா எடுக்கிறாரு. நீ முதல் வரி எழுதுற.

— அவருக்காகத்தானே பேசுறேன்! என்ன ஜென்மங்க இவங்க? சுத்தமா குளிச்சு, சுத்தமா துணி உடுத்தி, பளபளன்னு தரை துடைச்சு, அந்தத் துடைச்ச தண்ணியை ஒரு மனுஷன் தலையில ஊத்துறாங்க. கை கூசல? ஊத்திட்டு உள்ளபோய் எப்படிச் சோறு இறங்குது? நாய் மேலகூட யாரும் இப்படி ஊத்த மாட்டான். இவங்களை எல்லாம் வரிசையா நிக்கவச்சு இந்தப் பைத்தண்ணியை ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லணும்.

— நல்லாப் பேசுற. உண்மையிலயே நல்லாப் பேசுற. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பா இருக்கு. வழியை விடு.

— கண்ணு! இங்கதான் இருக்கியா? அம்மாவை எத்தனை மாடி ஏறவச்சுட்ட! இந்தா, சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன். மடங்காமப் பிடி. ...ஐயையே, என்னடா இது கர்மம்! உள்ள ஏதாவது செத்துக்கிடக்கா?

— ஒண்ணுமில்லம்மா. சட்டையைக் குடுத்துட்டு நீ கீழ ஹாலுக்குப் போ. முன்வரிசையில உனக்கு இடம் போட்டுவச்சிருக்கேன்.

— போறேன், போறேன். காலையிலேருந்து உனக்காக அலையுறேன், வாம்மான்னு ஒரு வார்த்தை... அட! இந்தச் சனியன் இங்க எப்படி வந்துச்சு?

— எந்தச் சனியன் ஆன்ட்டி?

— இதோ, இந்தப் பச்சைக் கூடாரம்தாம்மா! இது எங்க பின்சந்துல கிடந்தது! இதே கம்பி, இதே குழிஞ்ச கூரை. குப்பைக்காரன் அள்ளிட்டுப் போயிட்டானா? அங்கேருந்தா பொறுக்கிட்டு வந்தீங்க? சீ, கையில தொடாதீங்க, ஏதாவது சீக்கு ஒட்டிக்கப்போகுது.

— உங்க பின்சந்தா? உங்க வீடு ரயில்வே கேட்டுகிட்ட இல்லையா?

— அது பழைய வீடும்மா. சொல்றேன் கேளு, புது ஃப்ளாட்டுக்குக் குடிவந்து ரெண்டு மாசம் ஆகப்போகுது. இவன் என்னமோ ட்யூப், கம்பின்னு இங்கயே கிடக்கிறான். வீட்டுக்கு ரெண்டே தடவை வந்தான், அதுவும் முன்வாசல் வழியா வந்து சோத்தைத் தின்னுட்டு முன்வாசல் வழியாவே போயிட்டான். கிச்சன் பால்கனிப் பக்கம் எட்டிப் பாத்திருந்தாத்தானே தெரியும், நான் தினம் எதோட முகத்துல முழிச்சேன்னு?

— அம்மா, போதும். நீ கிளம்பு.

— இருங்க ஆன்ட்டி, போகாதீங்க. லீடர், நீ கதவைவிட்டு நகரு. ஆன்ட்டி, அந்தக் கூடாரத்து மேல பால்கனியிலேருந்து தண்ணி ஊத்தினது யாரு?

— ஏம்மா, அதுக்கு என்ன இப்ப? போலீஸ் மாதிரிக் கேக்குற?

— உங்களைத் திட்ட எனக்கு நேரமில்ல. அதுல இருந்தவரு ஆஸ்பத்திரியில கிடக்கிறாரு. அந்தத் தண்ணியில என்ன கலந்தீங்கன்னு தெரிஞ்சாத்தான் அவரைக் காப்பாத்த முடியும். சொல்லுங்க.

— ஆஸ்பத்திரியா? தலையில தண்ணி விழுந்ததுக்கா?

— குடிச்சிருக்காரு ஆன்ட்டி.

— குடிச்சானா! ஐயோ, அதையெல்லாம் யாராவது குடிப்பாங்களாம்மா?

— குடிக்கிற மாதிரி உங்க பையன் செஞ்சு குடுத்திருக்காரு. இது எங்க கூடாரம். மேடையில காட்டப்போறது இதைத்தான்.

— இதையா? இதுக்கா நான் ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூட்டிட்டு வந்து கீழ உக்காரவச்சிருக்கேன்? இதுக்கா ஊரெல்லாம் சொன்னேன், எம்பையன் வீடில்லாதவங்களுக்கு வீடு கட்டுறான்னு?

— ஆன்ட்டி, மருந்து!

— சொல்றேம்மா, அவசரப்படுத்தாத. முதல்ல எச்சித்தண்ணிதான். மீன் கழுவினது ஒருநாள். அதுக்கும் அந்த ஆளு அசையல. அப்புறம்தான் அந்த நீலப் பாட்டில்... கக்கூஸ் கறைக்குப் போடுவோமே, அந்த ஆசிட். மூடி அளவுதான். வாளித் தண்ணியில கலந்துதான். தினமும் இல்ல, சத்தியமா தினமும் இல்ல.

— ஆசிட். நீலப் பாட்டில். ...ஹலோ, அக்கா? பினாயில் இல்ல, கக்கூஸ் கழுவுற ஆசிட், தண்ணியில கலந்தது. ஆமா, சரியாத் தெரியும், ஊத்தினவங்க பக்கத்துலயே நிக்கிறாங்க. ...வாந்தி எடுக்கவைக்கக் கூடாதா? சரி. டாக்டரைக் கூப்பிட்டுட்டீங்களா? நான் வந்துக்கிட்டே இருக்கேன்.

— பொழைச்சுப்பானாம்மா? ஏம்மா, பொழைச்சுப்பான்தானே?

— தெரியல ஆன்ட்டி. பாட்டிலை எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. லீடர், மைக்குல பேசவேண்டியதை எல்லாம் இப்பப் பேசு. நிக்கவச்சு ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லணும்னியே!

— எனக்கு... எனக்கு வெக்கமா இருக்கு டெய்லர். என் சொந்த வீட்லயே இப்படின்னா நான் யாரு முகத்துல முழிப்பேன்? ஏம்மா, எப்படிம்மா உனக்கு மனசு வந்துச்சு? உள்ள ஒரு மனுஷன் படுத்திருக்கான்னு தெரியும்ல? உனக்குக் கொஞ்சம்கூட இரக்கமே இல்லையா? நீ எல்லாம் ஒரு பொம்பளையா?

— என்னையா கேக்குற? என்னையாடா கேக்குற? நான் பாட்டுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருப்பேனே! கீழ ஒருத்தன் கூடாரம் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கான், பாவமாவும் இருக்கு பயமாவும் இருக்கு, என்ன செய்யட்டும்னு உனக்குத்தானேடா போன் பண்ணிக் கேட்டேன்? ‘மேலேருந்து எதையாவது ஊத்திக்கிட்டே இரும்மா, நாத்தம் தாங்காம தானா போயிடுவான், நான் இங்க வீடில்லாதவங்களைப் பத்திப் பேச்சு எழுதிட்டிருக்கேன், போனை வை’ன்னு சொன்னது யாரு கண்ணு?